கெப் வண்டிக்கு ஏ.டி. டயர்: படுவான்கரைச் சேற்றுக்கும் பாணமை மணலுக்கும் ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டபுள் கெப் வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் நாலு விதத் தரை கிடைக்கும். கல்முனையிலிருந்து ஏ4 கார்ப்பட் வீதி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வவுணதீவைத் தாண்டினால் கிறவல், வயலுக்கு இறங்கினால் களிமண் வாய்க்கால் கட்டு, வாகரைப் பக்கமோ பாணமைப் பக்கமோ திரும்பினால் கால் புதையும் மணல். இந்த நாலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கத்தான் ஓல் டெரெயின் டயர் இருக்கிறது. கடைகளில் ஏ.டி. என்று கேட்டால் போதும். ஆனால் அதை வாங்கும் ஆட்களில் பலருக்கு அது தேவையில்லை. தேவையான ஆட்களில் பலர் பிழையான அளவை வாங்கி, பிழையான காற்றில் ஓட்டி, இரண்டு வருடத்தில் தேய்த்துவிட்டு டயரைக் குறை சொல்கிறார்கள். முதன்முதலாக வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே ஒழுங்குமுறையாக உள்ளன.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

கெப்புக்கு வரும் டயர் மூன்று வகை. எச்.டி. என்பது வீதிக்கானது: தரையைத் தொடும் இறப்பர்க் கட்டிகளான பொத்தான்கள் நெருக்கமாக இருக்கும், சத்தம் குறைவு, ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும். எம்.டி. சேற்றுக்கானது: பெரிய பொத்தான், அகன்ற இடைவெளி, கார்ப்பட் வீதியில் இரைந்து கொண்டே போகும், மழையில் பிறேக் நீளும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில். நடுவில் என்றால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது என்றுதான் பொருள்.

ஒரு மாத ஓட்டத்தை மனதில் பிரித்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு தார் வீதி, மிச்சம் ஒரு பங்கு நல்ல கிறவல் என்றால் எச்.டி. போதும், காசும் டீசலும் மிச்சம். கிறவலும் வயல் பாதையும் கால்வாசிக்கு மேல் போனால் ஏ.டி. வாங்குங்கள். வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கம் பெரும்போக மழைக் காலத்தில் தினமும் வயலுக்குள் இறங்குபவர் எம்.டி.யைப் பற்றி யோசிக்கலாம். ஆனாலும் அந்தச் சேற்றுக்கு உழவு மெசின்தான் சரி. கெப்பை மெசினாக்க முயல்வது காசுக்குக் கேடு.

ஏ.டி.யிலும் மென்மையானது, முரடானது என்று இரண்டு இருக்கிறது. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி., பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் ஏ.டி. போன்றவை வீதிப் பக்கம் சாய்ந்தவை. பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 போன்றவை தடித்த பக்கச்சுவரோடு கல்லுக்கும் முள்ளுக்கும் சாய்ந்தவை, பாரமும் கூட. சில டயர்களின் பக்கத்தில் மூன்று சிகர மலையும் நடுவே பனித்துகளும் கொண்ட அடையாளம் இருக்கும். அது பனிப்பிரதேச ஓட்டத்துக்கான சான்று. அதைக் காட்டி யாராவது விலையைக் கூட்டினால், மட்டக்களப்பில் எப்போது பனி பெய்தது என்று கேளுங்கள்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பனி பூட்டிய டயர் அளவும் காற்றளவும் அதில் இருக்கும். முதலில் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கெப்களில் ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் கையேட்டைப் பாருங்கள். இப்போது வண்டியில் கிடக்கும் டயரை நம்பாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம்.

265/65 ஆர் 17 112 எஸ் என்று ஒரு டயரில் இருக்கிறது என்று வைப்போம். 265 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். அதாவது 172 மில்லிமீற்றர். 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 112 என்பது பாரக் குறியீடு: காற்று முழுதாக இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை என்ற வேகக் குறி. வேகக் குறியைப் பற்றி நம் வீதிகளில் கவலைப்படத் தேவையில்லை. பாரக் குறியீடு அப்படியல்ல. யூரியாப் பை 50 கிலோ. இருபது பை ஏற்றினால் ஒரு தொன். அதில் பெரும்பங்கு பின் இரண்டு டயரில்தான் உட்காரும். ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள குறியீட்டுக்குக் குறைந்த டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பூட்டாதீர்கள்.

சிலவற்றில் அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்து இருக்கும், பாரக் குறியீடும் 120/117 என்று இரட்டையாக வரும். இது பாரவண்டி வகைக் கட்டுமானம்: அடுக்குகள் கூட, பக்கச்சுவர் தடிப்பு. முட்கம்பியும் விடத்தல் முள்ளும் கிடக்கும் காட்டோரப் பாதைக்கு இது நல்லது. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும்: ஒரு சில்லுக்கு 4 முதல் 6 கிலோ வரை பாரம் கூடும், வெறும் வண்டியில் குலுக்கும், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்றும் வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. காற்றுப் பகுதியில் விரிவாக வருகிறது.

அடுத்து வயது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், இரண்டு வருடம் வரை பரவாயில்லை. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த டயர் புதிதாக இருந்தாலும் வேண்டாம். பொத்தானுக்கு அடியில், பள்ளத்தை விரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும்.

ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கும். ஏ.டி.யில் பள்ளம் ஆழமாகத் தெரிவதால் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பத்து வருடம் போன இறப்பர் கல்லுப்போல் இறுகியிருக்கும், ஈரத் தாரில் பிடிக்காது. பெருவிரல் நகத்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நகம் சற்றும் பதியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெரிய அளவு போடும் ஆசை

ஒரே ரிம்முக்குப் பெரிய டயர் போடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கைப் பார்ப்போம். 265/65 ஆர் 17 டயரின் முழு விட்டம் 776 மில்லிமீற்றர். 265/70 ஆர் 17 போட்டால் 803. விட்டம் 27 மில்லிமீற்றர் கூடினாலும் வண்டி அதில் பாதிதான் உயரும், அரை அங்குலம். மீற்றர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103இல் போகும். இந்த அளவு வித்தியாசம் அநேகமாகத் தாங்கும். 3 சதவீதத்தை ஒட்டி நிற்பதே நல்ல எல்லை.

285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 831. 7 சதவீதம் கூடுதல். கிடைப்பதோ ஒரு அங்குல உயரம். அதற்குக் கொடுக்கும் விலை: முன் மட்கார்டின் உள்பிளாஸ்ரிக்கில் உரசும், எடுப்பில் இழுவை குறையும், பிறேக்குக்கு வேலை கூடும், அடியில் தொங்கும் ஸ்பெயார் சில்லின் இடத்தில் பெரிய சில்லு ஏறாது. உடம்பை வெட்டியும் ஸ்பிரிங்கை உயர்த்தியும் போடுபவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாத வேலை. அளவை மாற்றுவதென்றால் காப்புறுதிக் கம்பனியிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.

255/70 ஆர் 16 உள்ள வண்டிக்கு 265/70 ஆர் 16 நல்ல தேர்வு. 763இலிருந்து 777க்குப் போகிறது, 2 சதவீதம்கூட இல்லை. அந்த அளவில் ஏ.டி. தெரிவும் கூட.

இன்னொன்று. இரண்டு டயர் மட்டும் இப்போது, இரண்டு அடுத்த வருடம் என்ற கணக்கு எச்.டி.யில் ஓடலாம். அளவு மாறும் ஏ.டி.யில் ஓடாது. நம் கெப்களில் பெரும்பாலும் தேவைக்கு மட்டும் போடும் போர் வீல்தான். அதைப் போட்டதும் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தண்டில் பூட்டுப்பட்ட மாதிரிச் சுற்றும். விட்டம் வேறு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வித்தியாசம் கியர்ப்பெட்டிக்குள் முறுக்காக ஏறும். லீவர் இறுகி கழற்ற முடியாமல் போவது அதன் முதல் அடையாளம். நாலும் ஒரே அளவு, ஒரே மாதிரி. முடிந்தால் ஐந்து.

பூட்டும் நாளில் கடையில் நின்று பார்க்க வேண்டியவை

டயரைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். பழைய டயர் கழன்றதும் ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். காத்தான்குடி, கல்லாறு, பாண்டிருப்பு என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் வண்டிகளில் அலோய் ரிம்மின் உள்விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி உப்பு அரிப்பு படிந்திருக்கும். அதன் மேலேயே புது டயரைப் போட்டால் காற்று வாரத்துக்கு 3, 4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) மெதுவாக இறங்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, விளிம்புக்குப் பூசும் சீலரைப் போட்ட பிறகுதான் டயர் ஏற வேண்டும். வால்வும் புதிது போடச் சொல்லுங்கள். நாலு வால்வின் விலை டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

காற்றடித்ததும் விளிம்பைச் சுற்றி டயரில் ஒரு மெல்லிய கோடு தெரியும். ரிம்மிலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை; எவ்வளவு பலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் ஆடும்.

ஏ.டி. பாரமானது, பலன்ஸுக்கு ஈயமும் கூட வேண்டும். ஒரு சில்லுக்கு 100 கிராமுக்கு மேல் கேட்டால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் பாதியாகக் குறையும். வெளிப்புறம் ஒட்டும் ஈயம் சேற்றில் கழன்று போகும், ஆகவே உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைமன்ட்.

நட்டை மெசினால் இறுக்குவதோடு விடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும், கையால் திருப்பும் டோர்க் ஸ்பனரால் முடிக்க வேண்டும். பல கெப்களுக்கு 100 முதல் 135 நியூட்டன் மீற்றர் வரை; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அலோய் ரிம்மில் இது கட்டாயம்.

கடை முற்றத்திலேயே ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் வெட்டி முன்னும் பின்னும் ஊருங்கள், பிறகு வலப்பக்கம். பெரும்பாலும் முன் சில்லுக்குப் பின்னால் இருக்கும் மட்ஃபிளாப்பில்தான் உரசும். பின்னோக்கி வெட்டும்போது உரசுவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சில்லு மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் வெட்டிப் பாருங்கள்.

முதல் 300 முதல் 500 கிலோமீற்றர் நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைக் கழற்ற உதவும் பூச்சு மேற்பரப்பில் இருக்கும். அது தேயும்வரை மழையில் வழுக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காற்று: டயரைத் தீர்மானிப்பது இதுதான்

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்சக் காற்றளவை அடிப்பதுதான் நம் ஊரில் நடக்கும் மிகப் பெரிய பிழை. அது டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கான அளவு கதவுத் தூணில் இருக்கிறது. பல டபுள் கெப்களில் வெறும் பெட்டிக்கு 29 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை, முழுப் பாரத்துக்குப் பின் சில்லுக்கு மட்டும் அதைவிடக் கூட என்று இருக்கும்.

சாதாரணக் கட்டுமான ஏ.டி. என்றால் அந்த ஸ்டிக்கர் அளவே போதும். எல்.டி. என்றால் அதே பாரத்துக்கு 6 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை கூட்ட வேண்டிவரும். தடித்த பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்பதால் 29இலும் பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். உள்ளே சூடு ஏறி அடுக்குகள் பிரியத் தொடங்கும். டயர் கம்பனிகள் பார அட்டவணை வெளியிடுகின்றன. கடையில் கேட்டு உங்கள் அளவுக்கான வரியைப் பாருங்கள்.

அட்டவணைக்குள் நுணுக்கமாகச் சரிபார்க்க வெண்கட்டி போதும். டயரின் குறுக்கே கரையிலிருந்து கரைக்கு ஒரு தடித்த கோடு போடுங்கள். மட்டமான தார் வீதியில் நேராக ஒரு 200 மீற்றர் போய் நிறுத்திப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று கூட. இரு கரையில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. சீராக அழிந்திருந்தால் அந்தப் பாரத்துக்கு அதுதான் அளவு. பெட்டி வெறுமையாக ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை செய்து இரண்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

காற்றை எப்போதும் விடியற்காலை, வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஏறத்தாழ 5.5 பாகை வெப்பம் கூடினால் 1 பி.எஸ்.ஐ. கூடும். மத்தியானம் செங்கலடியிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தி அளந்தால் 4, 5 கூடக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் மெலிந்து நிற்கும். ஆனால் அந்த ஏற்றத்தையே ஒரு சோதனையாக்கலாம்: அரை மணி ஓடிய பின் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறினால், எல்.டி.யில் 6க்கு மேல் ஏறினால், காலையில் அடித்த காற்று குறைவு. கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது பாரத்தைக் குறையுங்கள்.

நைதரசன் அடிக்கச் சொல்லும் கடைகளும் உண்டு. காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். அந்தக் காசுக்குக் காற்றை அளக்கும் ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள்.

கிறவல், மணல், களி

கிறவலில் ஸ்டிக்கர் அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறக்கினால் போதும். 32 என்றால் 25, 26. டயர் கல்லின் மேல் வளைந்து போகும், வெட்டு குறையும், அலையலையான வீதியில் உலுக்கலும் குறையும். காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும், 40, 50க்கு மேல் வேண்டாம். அறுவடைக் காலத்தில் வெட்டு மெசின் சங்கிலிச் சில்லோடு போன கிறவலில் கூரான கல் மேலே வந்து கிடக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் எதிரே வாகனம் வரும்போது கரைக்கு இறங்குவது இடது சில்லுகள்தான். அதனால் வெட்டும் பிய்வும் முதலில் இடது டயர்களில் தெரியும். கிழமைக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பள்ளத்தில் சிக்கிய நீளக் கல்லைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது உள்ளே துளைத்துக்கொண்டே போகும்.

மணல் வேறு கணக்கு. பனிச்சங்கேணிப் பக்கமோ, பாணமையிலிருந்து உகந்தை, குமண போகும் வழியிலோ மணல் தொடங்குவதற்கு முன் நிறுத்தி 16 முதல் 18க்கு இறக்குங்கள். மாட்டிய பிறகு இறக்கலாம் என்று போனால் மண்வெட்டி பிடிக்க வேண்டிவரும். காற்றை இறக்குவதன் பயன் டயர் அகலமாவதைவிட நீளமாவதில்தான் இருக்கிறது: தரையைத் தொடும் தடம் முன்பின்னாக நீண்டு, பாரம் பரவி, சில்லு மணலின் மேல் மிதந்து போகிறது. போர் வீலைப் போட்டு, சீரான வேகத்தில், திடீர் வெட்டும் திடீர் பிறேக்கும் இல்லாமல் போங்கள். 16இல் சட்டென்று வெட்டினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். நிறுத்த வேண்டுமானால் பிறேக்கைத் தொடாமல் அக்சிலரேட்டரை விட்டு, இறக்கம் பார்த்து நிறுத்துங்கள். சில்லு இருந்த இடத்திலேயே சுழன்றால் உடனே காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் குழி தோண்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் சுலபம். தாருக்கு ஏறும் முன் காற்றை மறுபடி அடிக்க வேண்டும், 18இல் ஏ4இல் 80 ஓட்டினால் டயர் வெந்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

களிமண்ணில் ஏ.டி.யின் பலவீனம் வெளிப்படும். படுவான்கரையின் கறுப்புக் களி மழையில் ஊறியதும் பள்ளங்களுக்குள் அப்பிக்கொள்ளும். பத்தே சுற்றில் உங்கள் விலையுயர்ந்த ஏ.டி. வழுவழுப்பான உருளையாகிவிடும். 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில், சில்லு களியை உதறும் அளவுக்குச் சற்று வேகம் கொடுத்துப் போக வேண்டும். இழுவை குறையும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைத்தால் டயரின் தோள்ப் பொத்தான்கள் பள்ளத்தின் பக்கச் சுவரைக் கவ்விப் பிடிக்கும்.

உழவு மெசின் போன தடத்துக்குள் இறங்காதீர்கள். மெசினின் பின் சில்லு பெரியது, அது வெட்டிய பள்ளம் உங்கள் வண்டியின் வயிற்றைவிட ஆழம். நடு வரம்பில் டிஃப் (அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) உட்கார்ந்துவிட்டால் எந்த டயரும் உதவாது. ஒரு சில்லை நடு வரம்பிலும் மற்றதைத் தடத்துக்கு வெளியிலும் வைத்துப் போங்கள். இடமில்லை என்றால் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள், அல்லது ஒரு வெயில் காயட்டும். மழை விட்ட மறுநாள் பின்னேரம் அதே கட்டு பெரும்பாலும் இறுகியிருக்கும்.

மெசினைக் கூப்பிட்டு இழுக்க வேண்டிவந்தால் கயிற்றைச் சேஸியில் உள்ள இழுவை வளையத்தில் போடுங்கள். டிரெய்லர் கொளுவும் உருண்டையில் போடவே கூடாது. அது தெறித்தால் துப்பாக்கிக் குண்டு. இரும்புச் சங்கிலியைவிட பாரம் குறித்த நைலோன் பட்டி நல்லது. இழுக்கும்போது பட்டியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயர்ந்த டயர் போட்டதும் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஓடும்போது கடக்கலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. டயர் பெரிதாகும்போது அதனுள் காற்றும் கூடுகிறது, அது வண்டியைத் தூக்கிவிடும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது உழவு இயந்திரத்தை; அதில் போன மாணவர்கள் உயிரிழந்தார்கள். தாம்போதிக்கு மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிப் போங்கள்.

தேய்மானம், சத்தம், டீசல்

ஏ.டி. போட்ட பிறகு டீசல் கூடக் குடிக்கிறது என்ற முறைப்பாடு பாதி உண்மை. பாரமும் உருளும் தடையும் கூடுவதால் செலவு கூடத்தான் செய்யும். மீதி கணக்குப் பிழை: பெரிய அளவு போட்டவரின் மீற்றர் 100 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி 103 ஓடியிருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

சத்தம் 60, 70இல் மெல்லிய முனகலாகத் தொடங்கும். அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால் பொத்தான்கள் சாய்வாகத் தேய்கின்றன. உள்ளங்கையால் டயரை முன்னோக்கித் தடவிப் பாருங்கள், பிறகு பின்னோக்கி. ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வாளின் பல்லைப்போலக் கையில் தட்டினால் அதுதான். பியரிங் போய்விட்டது என்று கராஜில் காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

தடுக்க வழி, 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சில்லுகளை இடம் மாற்றுவது. ஐந்தையும் சேர்த்து: பின் இடது முன் இடதுக்கு, பின் வலது முன் வலதுக்கு, முன் வலது பின் இடதுக்கு, முன் இடது ஸ்பெயாருக்கு, ஸ்பெயார் பின் வலதுக்கு. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்பு போட்ட டயரைப் பக்கம் மாற்றக் கூடாது. முன் பின் மட்டும்.

இந்த மாற்றத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: ஸ்பெயாரைக் கீழே இறக்க வேண்டிவரும். வருடக்கணக்காகத் தொடாத ஸ்பெயாரின் கம்பிவடமும் பல்சக்கரமும் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். மாலைக்குப் பிறகு யானை நடமாடும் லகுகலப் பக்கம் பஞ்சராகி, கைப்பிடியைச் சுற்றினால் வடம் இறங்காமல் நிற்பது நல்ல அனுபவமல்ல. ஒவ்வொரு தடவையும் வடத்தைத் துடைத்துக் கிரீஸ் பூசிவிட்டு ஏற்றுங்கள்.

பஞ்சரும் கூடக் கொண்டுபோக வேண்டியவையும்

தடத்தின் நடுப்பகுதியில், 6 மில்லிமீற்றருக்குள் உள்ள துளையைத்தான் ஒட்டலாம். பாதையில் வைத்துத் துளைக்குள் இறப்பர்க் குச்சி செருகுவது வீடு வந்து சேருவதற்கு. பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் முள்ளோ கம்பியோ குத்தினால் ஒட்டு நிற்காது. உள்ளே டியூப் போட்டுத் தருகிறோம் என்பார்கள். டியூப்லெஸ் டயரின் உட்பரப்பு டியூபை உரசிச் சூடாக்கும், வேகத்தில் வெடிக்கும். மெதுவாக இறங்கும் காற்றுக்குச் சவர்க்கார நுரையை வால்வில் தொடங்கி ரிம் விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள்.

வண்டியில் இருக்க வேண்டியவை: கேஜ், பற்றரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கம்பிரசர் (சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பெரிய டயருக்குப் பியூஸை எரிக்கும்), குச்சி ஒட்டுப் பெட்டி, மண்வெட்டி, இழுவைப் பட்டி, ஒரு அடிச் சதுரமும் இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ள மரப்பலகை. களியில் ஜக் தானே புதைந்துவிடும், பலகைதான் அதைத் தாங்கும். உயரமான டயர் போட்டவருக்கு ஜக்கின் எட்டாக்குறையையும் அதுவே நிரப்பும். பழைய ஜக் எட்டாமல் போவது பெரும்பாலும் முதல் பஞ்சரன்றுதான் தெரியவரும்.

எப்போது கழற்றுவது

புதிய ஏ.டி.யில் 10 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் சிறு மேடாகத் தெரியும் அடையாளம் 1.6 மில்லிமீற்றரில் இருக்கிறது, அதுவரை ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 4 மில்லிமீற்றருக்குக் கீழே போனதும் மாரி மழையில் கார்ப்பட் வீதியில் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும், களியிலும் பயனில்லை. 4இல் நிற்கும் டயரைச் சித்திரையிலிருந்து ஆவணி வரை ஓட்டி, ஐப்பசிக்கு முன் மாற்றுங்கள். பள்ளம் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் ஸ்பெயார் உட்பட எல்லாமே முடிவு. பக்கச்சுவரில் கோழிமுட்டை மாதிரிப் புடைத்தால் உள்நூல் அறுந்துவிட்டது, அன்றே கழற்றுங்கள்.

கழற்றியதை வளவில் போடாதீர்கள். மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அபராதத்துக்கும் இடமுண்டு. வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் துளையிட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள், இல்லாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.